ஸ்க்ரூ இல்லாத பொட்டியும் ஒரு பிராதும்

இல்ல நடேஷ் தம்பி, ஸ்க்ரூ போட்டு மூடுற பொட்டி எனக்கு ஆவாது. ஒரு டிஸ்க்க மாட்டி எடுக்கறதுக்குள்ள நாலு ஸ்க்ரூவுல ஒண்ணு உருண்டு பீரோவுக்கு அடியில போயிரும். குப்புறப் படுத்துத் தேடுற வயசா எனக்கு? நீங்க எழுந்திரிக்காதீங்க, கால்ல மாவுக்கட்டோட எதுக்கு சும்மா சும்மா எழுந்துக்கிட்டு. எந்த அட்டப்பொட்டின்னு கைய மட்டும் காட்டுங்க, நானே எடுத்துக்கறேன்.

பதினாலு டிஸ்க்கு தம்பி. எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போடுற பெரிய டிஸ்க்கு. மேல கவர் கிவர் ஒண்ணும் கெடையாது, பொறந்த மேனிக்கு இருக்குது. இருவது வருஷமா அர்ச்சுனன் வீடியோஸ்னு நான் எடுத்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி எல்லாம் அதுக்குள்ளதான். போன மாசம் கருவேப்பிலங்குறிச்சியிலேருந்து ஒருத்தர் வந்து நிக்கிறாரு. என் கல்யாணத்துக்கு மாமன் மோதரம் போட்டானா இல்லியா காட்டு, போடவே இல்லன்னு இப்ப நான் சொல்றேன், போட்டேன்னு அவன் சாதிக்கிறான்னு. ஒடனே சொருவணும், காட்டணும், உருவணும், அடுத்தத சொருவணும். அப்பிடி ஒரு சாமான் வேணும்.

ஆங், இதான். மேல குழியில டிஸ்க்க நட்டுக்க நிறுத்துனா போதுமா? மூடியே இல்லியா? நல்லதாப் போச்சு, சூடு தங்காது. அடாப்டர் கூடவே வருதுங்களா? வரணும், பெரிய டிஸ்க்குக்கு யுஎஸ்பி கரண்டு பத்தாது, அது எனக்கே தெரியும்.

ரெண்டு குழி உள்ளது வேணாம். நடுவுல என்ன அது பட்டனு? அமுக்குனா இந்தக் குழி டிஸ்க்குல உள்ளது அப்பிடியே அந்தக் குழி டிஸ்க்குல ஏறிடுமா? கம்ப்யூட்டரே இல்லாமலா? அதுல முன்னாடி இருந்தது? அழிஞ்சிருமா? வேணாஞ்சாமி. எங்க வூட்டுல கமலம் எந்தப் பட்டனப் பாத்தாலும் அமுக்கிப் பாக்குறவ. ஸ்ரீமுஷ்ணத்துக் கல்யாணத்து மேல வேப்பூர் கல்யாணம் ஏறிடுச்சின்னா நான் ஊர்ல இருக்க முடியாது.

அது சரி, கால்ல ஷட்டர் விழுந்தது என்னிக்கு தம்பி? ஆடிப்பெருக்கு முடிஞ்ச மூணாம் நாளா? ம். யுபிஎஸ் வெடிச்சது அதுக்குப் பொறவா? கட போர்டுல கொளவி கூடு கட்டுனது? பல்லா? பல்லு வேற ஒடஞ்சிச்சா? பல்லு எனக்குத் தெரியாதே.

ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். இந்தாங்க, ஏழாம் நம்பரு டிஸ்க்கு, கையோட கொண்டாந்திருக்கேன். அந்த ஒத்தக் குழியில போட்டுப் பாருங்க. வாசனையா? அது நாரத்தங்கா ஊறுகா ஜாடி வாசன. சொல்றேன், மொத போடுங்க.

சுத்துது. சத்தம் கேக்குதா? படம் வருது பாருங்க, கல்யாணப் பொண்ணு கயல்விழி சிரிக்குது. அப்பாடா. வயித்துல பாலு வார்த்தீங்க தம்பி. வேப்பூர்ல அவங்க அப்பாவுக்கு ஹைவேயில ஓட்டலு. இன்னும் அவருக்கு ஒரு படங்கூட குடுக்கல. போன் பண்ணாருன்னா பஸ்ஸு ஆரனையும் மீறி அவரு வையிறதுதான் கேக்கும்.

ஆடி மாசம் டிஸ்க்கு எல்லாத்தையும் பையில போட்டு உங்ககிட்ட செக் பண்ணக் குடுத்தேனே, பதினாலுன்னு நெனச்சித்தான் குடுத்தேன். வாங்கிட்டுப் போயி வூட்டுல எண்ணுனா பதிமூணு. ஏழு இல்ல. கேட்டுரலாம்னு ரெண்டு தடவ வந்தேன். ரெண்டு தடவையும் நீங்க டீ வாங்கிக் குடுத்துட்டீங்க. குடிச்ச வாயால எப்பிடிங்க கேக்குறது, எடுத்தியான்னு? மனுசங்கிட்ட கேக்க முடியாதத கேக்கத்தான நம்மூர்ல கொளஞ்சியப்பரு சாமி இருக்காரு. நேரா மணவாளநல்லூர் கோயிலுக்குப் போயி, டிஸ்க்கக் காணும்னு சாமிக்கு பிராது மனு எழுதிக் கட்டிட்டேன். தொண்ணூறு நாள்ல எடுத்தவனத் தண்டிச்சித் தீத்துருவாருல்ல?

போன செவ்வாக்கெழம கமலம் ஊறுகா போட பரண்லேருந்து ஜாடிய எறக்குறா, உள்ள துணி சுத்தி ஏழாம் நம்பரு. நான் வச்சதுதான். உங்ககிட்ட குடுக்கறதுக்கு மொத வாரம். ஈரம் பட்டுரக் கூடாது, நம்மூரு பீங்கான் ஜாடிய விட காபந்தான எடம் ஏதுன்னு நானே உள்ள போட்டு வாயில துணியால வேடு கட்டி வச்சிட்டு சுத்தமா மறந்துட்டேன். அவ கிழிகிழின்னு கிழிச்சிட்டா.

அதனால பிராத ராஜினாமா பண்ணி வாபஸ் வாங்கணும் தம்பி. இன்னிக்கு எம்பத்தேழாவது நாளு. தனியாப் போவாத, அந்தப் புள்ளையையும் கூட்டிட்டுப் போயி சாமி முன்னால மன்னிப்பு கேளு, இல்லன்னா வூட்டுக்கு வராதன்னு சொல்லிட்டா கமலம்.

எந்தப் புள்ளையா? பிராதுல எதிரின்னு ஒருத்தர் பேரு எழுதணும்ல. உங்க பேருதான். நம்மூர்ல நடேஷு நாலு பேரு இருக்காங்க, தப்பான ஆளுக்குப் போயிடக் கூடாதேன்னு கட பேரு, தெரு, பின்கோடு வரைக்கும் தெளிவா எழுதிட்டேன்.

அப்பிடிப் பாக்காதீங்க தம்பி. தப்புதான். அந்த ரெண்டு குழி உள்ளதையே கட்டிடுங்க, பட்டன் மேல டேப்பு ஒட்டிக்கறேன். வண்டி வாசல்லதான் நிக்கிது, மெதுவா கால வச்சி ஏறுங்க. ஷட்டர நான் எறக்குறேன், நீங்க கிட்ட வராதீங்க.