பதினோரு சிவப்புக் கோடுகள்

– உசிரோட இருக்குதவன் பேரச் சொல்லி ஒப்பாரி வைக்கப்படாது, மஹேஷ் சாரே. எங்க ஊர்ல இத யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கதில்ல. ஆனாலும் ஒருத்தியும் தப்ப மாட்டா. குடிச்சிட்டு வந்து அடிக்குத புருசனக்கூட வாயார ஏசுவாளே தவிர, அவன் பேரப் போட்டு ஒரு வரி இழுக்க மாட்டா.

– ஷெரி மாடம்மா, யாரு இல்லேன்னா? அதை எதுக்கு இப்போ இந்த காலரிக்குள்ள வந்து சொல்றேள்? நாலு மணிக்குக் கோவளத்து ஹோட்டல்காரா வண்டி வரும். அதுக்குள்ள நாலு படத்தையும் பொதிஞ்சு வைக்கணும். நீங்க படத்தை மறைச்சுண்டு நிக்கறேள்.

– மஹேஷ், கொஞ்சம் மெள்ளப் பேசு. அவா என்னைத் தேடிண்டு வந்திருக்கா. என் ஸ்டூடியோ இருக்கற ஃப்ளாட்ல அஞ்சு வருஷமாப் பெருக்கித் துடைக்கறவா. உக்காருங்கோ அக்கா, தண்ணி தரட்டுமா?

– உக்கார வரல, லெச்சுமி டீச்சரே. அந்தப் பாட்டுப் பெட்டிய நிறுத்துங்க. பழவங்காடி முக்குல எறங்கி நடந்து வாரேன், நம்ம சத்தம் நம்மளுக்கே ரோட்டுல கேக்குது.

– அதை நிறுத்த முடியாது மாடம்மா. படமும் பாட்டும் சேத்துத்தான் ஹோட்டலுக்குக் குடுத்திருக்கோம். லாபியில படம் இருக்கும், பக்கத்துல ஸ்பீக்கர் பாடும். அதாணு கான்செப்ட். கார்டுல உங்க பேரும் இருக்கு, பாருங்கோ: ஓவியம் ஸ்ரீலக்ஷ்மி, குரல் மாடம்மாள். முகாரின்னு போடலாம், சட்டுனு விக்கும்னு நான் ஆன மட்டும் சொன்னேன். இவ கேக்கலை. ஒப்பாரின்னே போட்டா.

– அக்கா, நான் உங்ககிட்டக் கேட்டுண்டுதானே பதிவு பண்ணினேன்? சங்குமுகத்துல, ஆடி அமாவாசை வாவுபலி அன்னிக்கு. தாணுவுக்குப் பிண்டம் வெச்சுட்டு, ஈரப் புடவையோட மணல்ல உக்காந்து பாடினேள். எடுத்துக்கிடுங்க டீச்சரே, எம்புள்ளைக்கு இதாவது மிஞ்சட்டும்னு நீங்கதான் சொன்னேள்.

– சொன்னேன். இல்லைங்கல.

– அப்புறம் ஒம்பது மாசம் நான் அந்தக் குரலைத் தவிர வேற எதையும் கேக்கலை. நீங்க மூச்சு எடுக்கற இடத்துல கத்தியால சாயத்தை வழிச்சேன். குரல் உடையற இடத்துல துணி தெரியட்டும்னு விட்டேன். இதுல ஒரு உருவமும் இல்லை அக்கா. கடல் இல்லை, படகு இல்லை, உங்க பிள்ளையும் இல்லை.

– இருக்கான். இந்தா, இந்தச் சிவப்புக் கோடு. பாட்டுல தாணு பேரு வருத எடத்துக்கு எல்லாம் ஒரு கோடு போட்டிருக்கேன்னு நீங்கதான காட்டித் தந்தீய? எண்ணிப் பாத்தேன், நாலு படத்துலயுமாப் பதினொண்ணு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இத மட்டும் வாசிக்கத் தெரியும்.

– அப்போ என்ன செய்யணும்கறேள்?

– அழிச்சுக் களையணும். பாட்டும் வேண்டாம், இந்தக் கோடும் வேண்டாம். பாக்கி என்ன இருக்கோ அதக் குடுத்து விடுங்க.

– எந்தா மாடம்மா இது, சுவர்ல ஒட்டின போஸ்டரா கிழிச்சு எறியறதுக்கு? காட்டலாக் அச்சாயாச்சு. அவா ஃபோட்டோ பாத்து ஓகே சொல்லியாச்சு. ஒரு கோடு குறைஞ்சாலும் வேற படம்னு சொல்லுவா. மூணு வருஷமா இவ படம் ஒண்ணுகூடப் போகலை. இதுவும் நின்னு போச்சுன்னா இவ திரும்ப ஸ்கூல்ல ட்ராயிங் டீச்சர்தான். மனசிலாயோ?

– மஹேஷ், போதும். அக்கா, அன்னிக்கு வேணும்னு சொன்னதை இன்னிக்கு அழிக்கச் சொல்றேள். நடுவுல ஏதோ ஆயிருக்கு. என்னாச்சு?

– அவன் சாவல டீச்சரே.

– யாரு?

– தாணு. தாணுமாலையன். எம்புள்ள. முந்தாநாளு போன் பண்ணினான்.

– மாடம்மா, கோவிச்சுக்காதேங்கோ. இதுல விஷமம் பிடிச்சவா எத்தனையோ பேர் உண்டு. நம்பர் கிடைச்சா யாரு வேணும்னாலும் மகன்னு சொல்லலாம். விழிஞ்ஞத்துல அந்தப் படகு கவிழ்ந்து ஆறு வருஷமாச்சு, அல்லே?

– ஆறு வருசமும் நாலு மாசமும். அவங்கூடப் போன ரெண்டு பேரு கரையில பொணமா ஒதுங்குனாவ. இவன் கெடைக்கல. சாரே, சின்னதுல அவனுக்கு உதட்டுல தையல் போட்டு, ம-னா சரியா வராது. என்னைய ‘அம்பா’ம்பான். போன எடுத்ததும் அம்பான்னான். நான் வேற எதுவும் கேக்கல.

– எப்படி அக்கா உங்க நம்பர் அவனுக்கு?

– நம்பரு நான் மாத்தவே இல்லல்லா. இந்த மஹேஷ் சாரு போன்ல போட்டு விட்டாரே, படத்தையும் பாட்டையும் சேத்து, அத அவன் கேட்டிருக்கான். சத்தம் தெரிஞ்சு போச்சு. நாலு வார்த்த பேசிட்டு வச்சுட்டான். எங்க இருக்கன்னு கேட்டேன், இன்னைக்கி மூணு மணிக்குக் கூப்புடுதேன்னான். வாவு அன்னைக்கி நான் கை தட்டித் தட்டிக் கூப்பிட்டும் ஒரு காக்கா வந்து பிண்டத்தத் தொடல, நீங்க பாத்தீயள்லா? அது அறிஞ்சிருக்கு. நாந்தான் அறியல.

– பாத்தேன். ரொம்ப நேரம் நின்னுண்டிருந்தோம்.

– உசிரோட நடமாடுத பிள்ளைய நான் பதினோரு வாட்டி பேரச் சொல்லிக் கூப்புட்டு அனுப்பி வச்சிருக்கேன். அது அங்க ஹோட்டல்ல ராவும் பகலும் பாடும். வாரவன் போறவனெல்லாம் நின்னு கேப்பான். எம்புள்ள எப்படி டீச்சரே நல்லாருப்பான்?

– மஹேஷ், அந்த ஸ்பீக்கரை நிறுத்து.

– ஸ்ரீ, யோசிச்சுப் பேசு. கேக்கறவனுக்கு அது ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். நீயே காட்டலாக்ல எழுதியிருக்கே: குரல் பொருளை உதிர்த்துவிட்டு வண்ணமாக எஞ்சுகிறது. எத்தனை தடவை திருத்தினே அந்த வரியை.

– எழுதினேன். பொருள் உதிரலை மஹேஷ், அவா வந்து எடுத்துக் காட்டிட்டா. கறுப்பு டியூபும் அந்த அகலக் கத்தியும் எடு. பதினோரு இடம்தான். வண்டி வரதுக்குள்ள மூடிடறேன். ஹோட்டல்காரா வேண்டாம்னா வேண்டாம்னு போகட்டும்.

– வண்டி வரும்போது ஈரம் காஞ்சிருக்காது.

– காயலைன்னா நான் ஸ்கூலுக்கே போறேன். எடு.

– நீ செய்யறது ஷெரியில்லை ஸ்ரீ. பின்னால என்னைச் சொல்லாதே. இந்தா, கத்தி.

– டீச்சரே, நல்லாருப்பீய. எப்பவும் நல்லாருப்பீய. இருங்க, போன் அடிக்குது. அவந்தான்… மக்கா, சொல்லு மக்கா. ஆமா, கடையிலதான் நிக்கேன். டீச்சரு நல்லவ, எல்லாத்தையும் அழிச்சுத் தாரேன்னுட்டாவ. நீ பயப்படாண்டாம். என்னது? வேண்டாமா? எதுக்கு மக்கா வேண்டாம்? சத்தமாச் சொல்லு… அப்படியா? எப்பம்? எத்தன பிள்ள? சரி. சரி மக்கா. அன்னைக்கி… அன்னைக்கி நீ படகுல… ஓ. சரி, கேட்டுட்டேன்.

– அக்கா, முதல்ல உக்காருங்கோ. என்ன சொல்றான்?

– ஒண்ணையும் அழிக்காண்டாம்னுட்டான். பாட்டு அது பாட்டுக்கு ஓடட்டும்ங்கான். மங்களூரு பக்கத்துல இருக்கானாம். ஒரு பொண்ணக் கட்டியிருக்கான், ரெண்டு பிள்ளையோ உண்டு. எனக்கு ஆருமில்ல, அநாதைன்னு சொல்லித்தான் கட்டியிருக்கான். அவன் வீட்டுக்காரி இந்தப் பாட்டப் போன்ல கேட்டுட்டு, பாவம், யாரப் பெத்த தள்ளயோன்னு அழுதாளாம். இவன் பக்கத்துலதான் இருந்திருக்கான். எனக்குத் தெரியாதுன்னானாம்.

– அப்போ எங்கதான் இருந்தானாம் இத்தனை வருஷம்?

– அங்கதான். அன்னைக்கி அவன் படகுல ஏறவே இல்ல டீச்சரே. படகு போன பெறவு தம்பானூருல போய் ரயில் ஏறியிருக்கான். படகு கவுந்து போச்சுன்னு மறுநாளு பேப்பர்ல பாத்திருக்கான். ஒரு போன் பண்ணிருக்கலாம்லா? செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போட்டும், அம்பா, அதான் எல்லாருக்கும் சொகம்ங்கான். நீ நல்லாப் பாடியிருக்கன்னான்.

– அப்போ பிரச்சனை தீர்ந்துது, அல்லே? அவனுக்கே ஆட்சேபணை இல்லை. ஸ்ரீ, கத்தியைக் கீழே வை.

– மஹேஷ், நீ கொஞ்ச நேரம் பேசாம இரு. அக்கா, ஃபோனை இப்படிக் குடுங்கோ. லைன் கட்டாகலை. நான் அவன்கிட்டப் பேசறேன்.

– வேண்டாம். நீங்க ஒண்ணும் பேசாண்டாம். கத்தியும் வேண்டாம், வையுங்க. சாரே, அந்தப் பெட்டிய அமத்துங்க. இல்ல, பேரு வருதேன்னு இல்ல. அது அன்னைக்கி ஒண்ணும் தெரியாதவ பாடுனது. கொஞ்ச நேரம் அது வாய மூடட்டும்.

– அமர்த்தியாச்சு.

– மக்கா, தாணு, இருக்கியா? இருக்க. மூச்சு கேக்குது. வச்சிராத, கடைசி வர கேளு… கடலு கொண்டு போகலியே, நான் பெத்த தாணுமாலையா, கரையில நின்னு செத்தியே எங்கண்ணு தாணுமாலையா…