முனியாண்டி தலைக்குப் பின்னால ஒரு தட்டு

கதவ நல்லா இழுத்து அறைஞ்சு சாத்துங்க ஜெயபாலன் சார். மெதுவா சாத்துனா காம்பார் டவுனு தாண்டுறதுக்குள்ள தானா தொறந்துக்கும். ஆமா, பழைய டட்சன் காருதான். நானும் அதுவும் ஒரே ரகம், காலையில நாலு தடவ உசுப்புனாத்தான் எழும்புவோம்.

பசியாறிட்டீங்களா? இல்லியா? அலாமா, கோலாலம்பூர்ல பஸ் ஏறி ஈப்போ வரைக்கும் வந்த மனுசன வெறும் வயித்தோட காடியில ஏத்திட்டேனே! தாப்பாவுல ரொட்டி சானாய் நல்லா இருக்கும், நிப்பாட்டுறேன். எஸ்டேட் இருக்குற சிலிம் ரிவர் போக ரெண்டு மணி நேரம் இருக்கு லா.

லைப்ரரியில இருக்க வேண்டிய கம்ப்யூட்டர் தட்டக் கேட்டா எஸ்டேட்டுக்கு ஏன் கூட்டிட்டுப் போறேன்னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. நீங்க கம்பெனி ஆளு, கேக்கத்தான் செய்வீங்க. தட்டு கைக்கு வரலன்னா நீங்க ரிப்போட் எழுதணும், ரிப்போட் போனா யூனிவர்சிட்டி என்னைய வீட்டுக்கு அனுப்பிரும். பென்சனுக்கு இன்னும் ரெண்டு வருசந்தான் சார். அதான் வாய் மூடாம பேசுறேன். பயம் வந்தா எனக்கு வாயிதான் மொதல்ல ஓடும், காலு பின்னாடிதான் வரும்.

சட்டம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. உங்க கம்பெனி அனுப்புன ஒப்பந்தக் கடுதாசிய பன்னண்டு காப்பி போட்டோஸ்டேட் எடுத்தவன் நானு. நவமணி மேடம், அவங்கதான் எங்க லைப்ரேரியன், அவங்க கூட ஒரு தடவதான் படிச்சாங்க. நான் மெசினு ஓடுறப்ப நின்னு நின்னு படிச்சேன். தட்டு நமக்குச் சொந்தமில்ல, வாடகை வீடு மாதிரி. ஒரே ஒரு கம்ப்யூட்டர்லதான் போடணும். எங்க மாணவங்களும் லெக்சரருங்களும் மட்டுந்தான் பாக்கலாம், வெளி ஆளுக்கு ஒரு தாளு கூட அடிச்சுக் குடுக்கக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒருக்கா புதுத் தட்டு வரும், வந்ததும் பழசத் திருப்பி அனுப்பிரணும். சரிதானா? பாத்தீங்களா, பியூனா இருந்தாலும் சன்னாசிக்கு மண்டையில கொஞ்சம் சரக்கு இருக்கு.

அந்தச் சரக்கோட லட்சணத்தயும் கேளுங்க. மொதத் தட்டு வந்தன்னைக்கு நான் அதுல மூஞ்சி பாத்து தல சீவுனேன். எண்ண பட்டுருச்சு. மேடம் பாத்தா வையுவாங்கன்னு ஓடிப்போயி சோத்துத் தட்டு கழுவுற சவுக்காரம் போட்டு நல்லா தேச்சு, வெயில்ல காய வச்சேன். சிரிங்க சார், நல்லா சிரிங்க. ஆனா கம்ப்யூட்டர்ல போட்டா ஓடுச்சு! உங்க கம்பெனி சாமான் சாமான்தான்.

அப்புறம் போன வருசம் அக்டோபர்ல பழைய தட்ட மேடம் உறையில போட்டு, சன்னாசி, போஸ்ட்ல சேத்துருன்னு குடுத்தாங்க. சேக்கல. சேத்துட்டேன்னு சொல்லிட்டேன். உங்க கம்பெனி மூணு கடுதாசி போட்டுச்சுல்ல? லைப்ரரியில உறை பிரிக்கிறது யாரு வேல? என் வேலதான். ரெண்ட மேசைக்குள்ள தள்ளிட்டேன். மூணாவது மேடம் கையிலயே போயிருச்சு. பாவம், அவங்க போஸ்டாபீசப் போட்டுத் திட்டித் தீத்தாங்க. நான் பக்கத்துல நின்னு, ஆமா மேடம், இப்பல்லாம் போஸ்டாபீசு சரியில்ல மேடம்னு தலையாட்டுனேன். வெக்கங்கெட்ட பய சார் நான். நீங்க புதுத் தட்ட நிறுத்துனதுல இருந்து புள்ளைங்க பரீச்சைக்கு ஒண்ணும் எடுக்க முடியாம என் மூஞ்சியப் பாத்துட்டுப் போவுதுங்க.

விக்கலயே! சத்தியமா யாருக்கும் விக்கல. எங்க எஸ்டேட் முனியாண்டி கோயில்ல இருக்கு சார். சாமி தலைக்குப் பின்னால. நீங்க சாமி படத்துல பாத்திருப்பீங்க, தலையச் சுத்தி வெளிச்சமா வட்டமா இருக்குமே, அந்த எடத்துல. எங்க அக்கா இருளாயி அத சாமிக்குக் குடுக்கணும்னுச்சு. ஏணி வச்சு ஏறி மாட்டுனது நாந்தான். நடுவுல ஓட்ட வேற இருக்கா, அட, மாட்டுறதுக்குன்னே கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்துருக்கான்னு ஆணியில மாட்டிட்டேன்.

சாயங்கால வெயில் பட்டா ஏழு கலர்ல அடிக்குது சார்! ஒரே மாசத்துல பேச்சு பரவி, பாகான் டத்தோவுல இருந்து லோரி புடிச்சு வந்து கும்பிட்டுட்டுப் போறாங்க. யாரோ கண் தெரிஞ்சுச்சுங்குறான், யாரோ லாட்டரி நம்பர் அடிச்சுச்சுங்குறான். இப்ப போயி, இது வாடகைத் தட்டு, கழட்டுங்கன்னா என்னைய விடுவாங்களா? பூப்போட்டுப் பாத்து சாமிகிட்ட உத்தரவு கேக்கணும்பாங்க. உங்க ஒப்பந்தத்துல முனியாண்டிக்கு ஒரு வரி போட்டிருந்தா எனக்கு இந்தத் தொல்ல இல்ல.

எதுக்குக் குடுத்தேனா? மொதல்ல ரொட்டி சாப்புடுங்க சார், அப்புறம் சொல்றேன்.

எறங்குங்க, வந்துருச்சு. பாத்து, வரப்பு வழுக்கும். இதெல்லாம் முன்ன ரப்பர், இப்ப செம்பனை. அந்தா, அந்தத் தகரக் கூரைதான். மேல பாருங்க. தெரியுதா? ஆமா, சந்தனம் பூசியிருக்காங்க. கற்பூரப் பொக பட்டு கறுத்துப் போச்சு. விசயம் பதிஞ்சிருக்குற மினுக்குற பக்கந்தான் சார், அந்தப் பக்கத்துலயே பொட்டு வச்சுட்டாங்க.

என்ன, பேனாவ எடுக்குறீங்க? உடஞ்சு போச்சு, உபயோகம் இல்லன்னு எழுதுறீங்களா? யாரு மேலயும் குத்தமில்லன்னா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ஈப்போவுல இருந்து இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக்கிட்டு வந்தேன். என் வேலயக் காப்பாத்திட்டீங்க.

இல்ல சார். நிப்பாட்டுங்க. அப்புடி எழுதாதீங்க.

அதே அக்டோபர்ல ஒரு சனிக்கெழம, லைப்ரரி ஒரு மணிக்கு மூடுனப்புறம் அக்காவ உள்ள கூட்டிட்டு வந்தேன். செருப்ப வாசல்லயே கழட்டிட்டு வந்துச்சு, கோயிலுக்குள்ள வர்ற மாதிரி. அது இந்த எஸ்டேட்ல புல்லுக்கு மருந்தடிக்கிற வேல சார், பன்னண்டு வருசமா. பம்பு ஒழுகி முதுகு எப்பவும் நனஞ்சே இருக்கும். ஆறு மாசமா இருமல், நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குச்சு. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசரு வெறும் சளின்னு மாத்திர குடுத்து அனுப்பிக்கிட்டே இருந்தாரு. தம்பி, உலகத்து டாக்டருங்க எழுதுனதெல்லாம் அந்தத் தட்டுல இருக்குன்னு சொன்னியே, நான் அடிக்கிற மருந்தப் பத்திப் பாருடான்னு கேட்டுச்சு. பீத்திக்கிட்டவன் நாந்தானே.

மருந்து வர்ற பீப்பா, அந்தத் தோம்புல ஒட்டியிருந்த லேபல கிழிச்சு முந்தானையில முடிஞ்சு கொண்டாந்திருந்துச்சு. அதப் பாத்து ஒவ்வொரு எழுத்தா கம்ப்யூட்டர்ல அடிச்சேன். பதினோரு தாளு வந்துச்சு. எனக்கு இங்கிலீஸ் அரகொறதான், ஆனா அது புரியிற அளவுக்குத் தெரியும். அந்த மருந்து தோலு வழியா உள்ள போயி நொறையீரல இறுக்கிரும், இறுகுனா திரும்பாதுன்னு போட்டிருந்துச்சு. உடனே அந்த வேலய விட்டு நிறுத்தணும்னும் போட்டிருந்துச்சு.

அக்கா என் மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. பயந்தா ஓடுற வாயி, அன்னைக்கு வேற பக்கம் ஓடிருச்சு. ஒண்ணுமில்லக்கா, சாதா இருமல்தான்னு போட்டிருக்கு, தானா சரியாயிரும்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் போகட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அது கையெடுத்து அந்தத் தட்டக் கும்பிட்டுச்சு. என் வயித்துல பால வார்த்த தட்டு, இத முனியாண்டிக்குக் குடுத்துரணும்டான்னுச்சு. மறுத்துப் பேச எனக்கு என்ன மூஞ்சி இருக்கு? அதான் ஏணி வச்சேன்.

ரெண்டு நாளு ரெண்டு மாசமாச்சு. போன மாசம் இருபத்தி மூணாந்தேதி அக்கா தவறிப் போச்சு. ஆஸ்பத்திரிக் காயிதத்துல சளின்னுதான் இருக்கு. அக்கா பேரும் அந்த மருந்து பேரும் ஒண்ணா எழுதுன காயிதம் இந்த உலகத்துல ஒண்ணு கூட இல்ல சார். இப்ப நீங்க எழுதப் போறதுதான் மொதக் காயிதம். வெளி ஆளுக்குத் தாளு அடிச்சுக் குடுத்தது குத்தம்தானே? எழுதுங்க. யாருக்குன்னு கேட்டா இருளாயி, மருந்தடிக்கிற பொம்பள. என்ன விசயம்னா, இந்தாங்க, அந்த லேபலு, எழுத்துப் பெசகாமப் பாத்து எழுதுங்க. குடுத்தவன் சன்னாசி.

நான் சொன்னத அது நம்பிருச்சு சார். திங்கக்கெழம காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு மொத ஆளாப் போயி நின்னு, பம்ப முதுகுல மாட்டிக்கிச்சு.