நடுப்பாறையில் மயில்சாமி

டீ நன்றாக இருந்தது, ஐயா. இஞ்சி தட்டிப் போடுகிற கடை மேட்டூரில் இப்போது குறைந்துவிட்டது.

மேசைமேல் நீங்கள் வைத்திருக்கும் நீர்வண்ணப் படம் நான் வரைந்ததுதான். அணைக்குக் கீழே காவிரி பாறைகளுக்கிடையே பிரிந்து ஓடும் இடம். மேலே மழைமேகம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம், பின்னால் நீலமாய் மலை. நடுப்பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் மயில்சாமி. மலையும் ஆறும் பெரிதாகத் தெரியவேண்டுமானால் சிறிதாய் ஒரு மனிதன் வேண்டும்.

என் மனைவி ராஜம்மாள் இறந்தபிறகு என் வீட்டுப் படியேறியவர் அவர் ஒருவர்தான். அனல்மின் நிலையத்தில் டர்பைன் இரைச்சலிலேயே வேலை பார்த்துக் காது போனவர். நான் வரைவேன், அவர் பக்கத்தில் சும்மா இருப்பார். அவர் வராத நாளில் நான் வாயைத் திறப்பது பால்காரரிடம் மட்டும்தான்.

போன வாரம் வந்து சொன்னார்: "எம் மக பிரவீனா கோயமுத்தூருக்கே வந்துருங்கன்னு ஒரே பிடியா நிக்குதுங்க. பேரப்புள்ளைக வேற கூப்புடுதுக. ஞாயித்துக்கெழம கெளம்பறனுங்க."

"அதுக்கென்னங்க, போங்க," என்றேன். "போறதுக்கு முன்னால அந்தப் பாறையில ஒருக்கா உக்காருங்க. உங்கள வெச்சு ஒரு படம் போட்டுக்கறேன்."

சந்தோஷமாக வந்தார். "தண்ணியில விழுந்துருமுங்க" என்று காது மிஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்துபோய் உட்கார்ந்தார்.

நான் வானம் தீட்டிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. ஆற்றில் தண்ணீர் திறக்கிறார்கள், கரையேறுங்கள் என்று ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். எனக்குக் கேட்டதா என்றீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தெளிவாகக் கேட்டது.

ஈரத்தாளில் வானம் தீட்டும்போது பாதியில் எழ முடியாது, ஐயா. காய்ந்தால் திட்டுத்திட்டாகிவிடும். ஆனாலும் போய் அவர் தோளைத் தொட்டிருக்கலாம். நேரம் இருந்தது.

காலில் தண்ணீர் பட்டதும் திரும்பினார். "ஏனுங்க, தண்ணி ஏறுதுங்களே, வந்துரட்டுங்களா?"

உள்ளங்கையை உயர்த்தி, அசையாமல் இருங்கள் என்று சைகை காட்டினேன். தலையாட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். நான் சொன்னால் அவர் மறுகேள்வி கேட்டதில்லை. அதன்பிறகு அந்த ஓட்டத்தில் கடக்க வழியில்லை. இன்னொரு தடவை என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். நான் மலைக்கு நீலம் கலந்துகொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது பாறையே தெரியவில்லை.

அப்பாவைப் பார்த்தீர்களா என்று பிரவீனா போனில் கேட்டபோது, இல்லையம்மா என்றேன். அந்தப் பொய்யும் நான் சொன்னதுதான்.

முன்பகையா என்று கேட்கிறீர்கள். பகை எதற்கு, ஐயா? தனியாகக் கிடப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இல்லாத கோயமுத்தூரில் போய் அவர் அப்படிக் கிடக்க நான் எப்படி விடுவேன்?