பகலில் சாத்திய கதவு

பிற்பகல் 3.10. செங்கடலில் எங்கள் சரக்குக் கப்பல். முதலில் கண்ணில் பட்டது டீ. டம்ளரை விட்டு மேலே எழும்பி நிற்கிறது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது. ஒரே அடி. பெரிய இரும்புத் தகட்டை உயரத்திலிருந்து போட்டதுபோல.

ஏவுகணை. எல்லோரும் மேலே ஓடுகிறார்கள். நான் கீழே ஓடுகிறேன். எஞ்சின் அறையில் முத்து இருந்தான். மும்பை தாராவியில் என் எதிர்வீட்டுக்காரன்.

"முத்து, வெளிய வாடே!"

ஏணியடியில் கிடந்தான். உடைந்த குழாயிலிருந்து கொதிநீர் முகத்தில் கொட்டியது. கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. தண்ணீரைத் தடுக்கும் இரும்புக் கதவு நகர்ந்து வந்தது. சாத்திக்கொண்டது. கப்பல் மூழ்கியது.

முத்துவைக் 'காணவில்லை' என்றது நிறுவனம். பார்த்தவன் நான் ஒருவன். அவன் மனைவி செல்வியிடம் சொல்லவில்லை. தினமும் கேட்கிறாள்.

"அவியளுக்கு நல்லா நீச்சல் தெரியும்லா, அண்ணே."

தலையாட்டுகிறேன்.

ஏசி லோக்கல் ரயிலில் கதவு தானாக மூடுகிறது. வேர்க்கிறது. பாதி வழியில், காட்கோபரில் இறங்கிவிடுகிறேன். கப்பல்காரருக்கு ரயில் ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று சந்தில் கேலி.

செம்பூரில் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்ப் பெண். பேச்சு வெளியே கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம். அடுத்து நினைவிருப்பது, தெருவில் நிற்கிறேன். அவர் இறங்கி வந்தார். தள்ளியே நின்றார்.

"தப்பு என்னோடது. கேக்காம சாத்திட்டேன். கதவு எப்படி இருக்கணும்னு இனிமே நீங்க சொல்லுங்கோ."

மறுவாரம் கதவு திறந்திருந்தது. வாசலை மறைக்காமல் உட்கார்ந்தார். வெளியே இருந்த ஊழியரை டீ குடிக்க அனுப்பிவிட்டார். கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கள் சந்தில் கதவுகள் எப்படி என்று கேட்டார். சொன்னேன். ஒற்றை அறை வீடுகள். பகலில் எதுவும் சாத்தியிருக்காது. சாத்தியிருந்தால் உள்ளே சாவு. முத்து வருவான் என்று செல்வி இரவிலும் சாத்துவதில்லை. கொதிநீரையும் சொன்னேன். முதல் முறையாக.

செல்வியிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"அதை நான் தீர்மானிக்கப்படாது. சொல்றதானா, அவா கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மிச்சத்தை இங்க கொண்டு வாங்கோ."

ஞாயிறு. காலை 11.20. குழாயடியில் குடங்கள் மோதும் சத்தம். செல்வி வாசலில் அரிசி புடைக்கிறாள். நீச்சலைப் பற்றிக் கேட்டாள். இம்முறை தலையாட்டவில்லை.

"அவன் நீந்தல, செல்வி. நான் பாத்தேன்."

முறம் நின்றது. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வலிச்சிருக்குமா, அண்ணே?"

கொட்டும் கொதிநீர். இமைக்காத கண்.

"இல்ல. அடி விழுந்த அப்பமே போயிட்டான். எனக்குத் தெரியும்."

எழுந்தாள். உள்ளே போனாள்.

கப்பலில் நாங்கள் இருபத்திரண்டு பேர். கரை சேர்ந்தவர்கள் இருபத்தொருவர். கிடைக்காத உடல் ஒன்று. அன்று பகல் முழுக்க எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.