ஆறு குறிகளில் ஒரு புரோகிராம்

புத்தூரில் பஸ் ஏறியதிலிருந்து எனக்கு முன் இருக்கை இளைஞனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பக்கத்தில் அவன் அக்கா.

“வெறும் ஆறு குறிய வெச்சே புரோகிராம் எழுதுனவன்னு நம்பித்தான் இன்டர்வியூக்குக் கூப்ட்டாங்கக்கா.”

“அதுல இன்னாடா தப்பு?”

“ரெண்டு வகை அடைப்புக்குறி, தொறக்கறது மூடறதுன்னு நாலு, அப்பறம் ஆச்சரியக்குறி, பிளஸ். அவ்ளோதான். ஒரு எழுத்து இருக்காது, ஒரு நம்பர் இருக்காது. ஆனா அத நான் எழுதல. என் சாதா புரோகிராம ஒரு வெப்சைட்ல போட்டேன், அதுவே மாத்திக் குட்த்துச்சு. பந்தாவுக்கு அனுப்பிட்டேன்.”

“அடப்பாவி! வேல கெடச்ச மாதிரியே நைனா கூட தறி நெய்யறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கினு திரியறாரு.”

“எதிர்லயே எழுதிக் காட்டுன்னா இன்னா பண்றது?”

“இப்பவே போன் பண்ணி உண்மைய சொல்லிடு.”

“சொன்னா வேல பூடும்.”

“சொல்லாம போனா மானம் பூடும். எது பூட்டா பரவால்ல?”

அவன் வாய் திறக்காமலே தப்பித்துவிட வேண்டும் என்றுதான் நான் விரும்பினேன். இந்த வயதில் அப்படி நினைத்ததற்கு வெட்கப்படுகிறேன்.

ரேணிகுண்டா தாண்டியதும் அவன் போனை எடுத்து, இன்டர்வியூக்குக் கூப்பிட்டவரிடம் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னான். பிறகு “அவுனு சார், அவுனு சார்” என்று ஆமாம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாடா சொன்னாரு?”

“சிரிச்சாரு. பரவால்ல வா, இங்கிலீஷ் ‘ஏ’ ஒண்ண மட்டும் அந்தக் குறிங்கள வெச்சு என் எதிர்ல வரவழைச்சிக் காட்டுன்னாரு.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அக்கா அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, பஸ் டிக்கெட்டைத் திருப்பி அவன் மடியில் வைத்தாள்.

“திருப்பதி இன்னும் வரல. போன்ல பாத்துக் கத்துக்க.”