யசோதரா பார்த்த இடம்

காலை ஏழு மணி. நவம்பர் மாதம். சுவிஸில் ஆரா நகரத்துக்கு மேலே, யூரா மலைப்பக்கம் ஏறுகிற ஒரு காட்டுப் பாதை. அந்த நேரத்தில் அங்கே நாய் கூட்டிக்கொண்டு நடப்பவர்கள்கூட வரமாட்டார்கள். மூடுபனி... பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெளிவாகத் தெரியாது. அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள். தோளில் ஒரு வில்.

சிரிக்காதே தேனுஜன். வில்தான்.

பிள்ளைகளே, எல்லோரும் அடுப்புக்குக் கிட்ட வாருங்கள். மிதுஷா, அந்தக் கதவைச் சாத்து. காட்டுக் குடிலில் பிறந்தநாள் கொண்டாட வந்தோம், மழை விடவில்லை, கார் வரும்வரை நேரம் இருக்கிறது. நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன்.

ஊஸ்டர் நகரத்தில் என்னோடு ஒரே சமையலறையில் வேலை செய்கிற சிறீதரனைத் தெரியும்தானே? அவனுடைய சொந்த அக்காவுக்கு நடந்தது இது. பெயர் யசோதரா. சொந்த ஊர் திருகோணமலைப் பக்கம். ஆராவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. புருசன் குகதாசன், பாண் பேக்கரியில் இரவு வேலை. ஒரு மகள்.

அவள் எப்படி வில்லைத் தொட்டாள் என்றால்... ஒரு கோடையில், மலையடிவாரத்தில் ஒரு வில்வித்தைக் கழகம், யாரும் வந்து பழகிப் பார்க்கலாம் என்று, திறந்த நாள் வைத்திருந்தது. மகளுக்காகப் போனாள். மகள் ஐஸ்கிரீம் குடிக்கப் போய்விட்டாள். இவள் கையில் யாரோ ஒரு வில்லைக் கொடுத்தார்கள். நெடுவில். ஒற்றை மரத்தில் செதுக்கியது, ஆள் உயரம். புது வில்லுகளில் இருக்கிற சில்லு இல்லை, குறி பார்க்கிற கண்ணாடி இல்லை. மரமும் நூலும் மட்டும்.

“வில்லைப் பாக்காதே, அம்பைப் பாக்காதே. படவேண்டிய இடத்தை மட்டும் பார். மிச்சத்தைக் கை பாத்துக்கொள்ளும்” என்று அங்கிருந்த ரேட்டோ என்கிற தச்சர் ஜெர்மனில் சொன்னாராம்.

அவள் பார்த்தாள். நாணை உதட்டோரம் வரை இழுத்தாள். முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்பும் ஒன்றையொன்று தொட்டன. நாணில் பூசிய தேன்மெழுகு மூக்கில் மணத்தது. அந்த ஒரு கணம்... வேலை முறை இல்லை, வாடகை இல்லை, தொலைபேசி இல்லை, அவளுக்குப் பெயர்கூட இல்லை. விட்டாள். அம்பு பார்த்த இடத்தில் குத்தி நின்று அதிர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்து, மீன் வெட்டும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள் என்று குகதாசன் சொல்வார்.

பிறகு சனிக்கிழமை தவறாமல் காடு.

குகதாசனின் தம்பி மதிவதனனுக்குத்தான் பொறுக்கவில்லை. “பொம்பிளை ஒருத்தி வில்லும் அம்புமாக் காட்டுக்குள்ள திரியுறதோ? சனம் என்ன கதைக்கும் அண்ணி?”

“சனம் கதைக்கட்டும். கிழமை முழுக்க மற்றவைக்கு உழைக்கிறன். சனிக்கிழமை காலம்பற என்ர.”

சுவிஸில் வில்லால் வேட்டையாடச் சட்டம் விடாது. அதனால் காட்டுக்குள் நுரை ரப்பரில் செய்த மிருகங்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். பன்றி, நரி, மான். ஒன்று மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும். ஒன்று பள்ளத்தில் படுத்திருக்கும். கீழே ஒரு சுற்று, மலை மேலே ஒரு சுற்று, நடந்து நடந்து எய்யவேண்டும். ரேட்டோ மட்டும் பிரான்சுக்குப் போய் உண்மையான வேட்டை ஆடுகிறவர். ரப்பரில் படுகிற சத்தம் வேறு, உயிரில் படுகிற சத்தம் வேறு, இரண்டாவதைக் கேட்டவனுக்கு முதலாவது போதாது என்பார். அதைக் கேட்கும்போது யசோதராவுக்கு உள்ளங்கை அரிக்குமாம். வெட்கமாகவும் இருக்குமாம்.

அவரேதான் இதையும் சொன்னது. “மூடுபனி நாளில மேல் சுற்றுக்குப் போகாதே.”

“ஏன்?”

“அங்க இன்னொருத்தர் எய்யுறார்.”

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். கழகத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. கோப்பியைக் குடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்தில் நவம்பர் என்றால் முழு மாதமும் மூடுபனிதான். அப்படியானால் ஒரு மாதம் முழுக்க மேல் சுற்றை மறக்கவேண்டும். அவள் யாருக்கு அடங்கினாள், அதற்கு அடங்க? 2016 நவம்பர், ஒரு சனிக்கிழமை, கிளம்பினாள். முதல்நாள் பின்னேரம் குகதாசனும் தம்பியின் பேச்சைக் கேட்டு “விட்டிடன் யசோ” என்று சொல்லிச் சண்டை. அந்தக் கோபமும் சேர்ந்து மலை ஏறியது.

மேல் சுற்றில் முதலில் பன்றி. பனிக்குள் கறுப்பாக, ஒரு நிழல் மாதிரி. எய்தாள். டப். தோளில் பட்டது. அம்பைப் பிடுங்க நடந்தாள். பாதி வழியில்... பின்னால் ஒரு சத்தம்.

தும்...

நாண் விட்ட சத்தம். காதோரம் இறகு உரசுவது போல ஒரு காற்று. டப்.

பன்றிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுடைய அம்புக்குப் பக்கத்தில் இன்னொரு அம்பு. இறகும் இறகும் தொடும் அளவுக்குக் கிட்ட. சாயம் பூசாத மரம். நூலால் கட்டிய சாம்பல் இறகு. தொட்டாள். சூடாக இருந்தது. அந்தக் குளிரில், யாரோ உள்ளங்கையில் நெடுநேரம் பிடித்துவைத்திருந்தது போல.

“ஹலோ?” என்றாள். பனி அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது. ஈர இலை வாசம்... அதற்குள் இன்னொரு வாசம். இறைச்சிக் கடையைக் காலையில் திறக்கும்போது வருமே, அது.

கழகத்து ஆள் யாரோ விளையாடுகிறான் என்று நினைத்தாள். நடந்தாள். அடுத்தது நரி. வில்லை இன்னும் தூக்கவில்லை. எங்கே எய்யலாம் என்று நரியின் காதைப் பார்த்தாள். அவ்வளவுதான். தும்... நரியின் காதில் அம்பு.

அப்படியே நின்றாள். கண் தானாக ஒரு மரத்துக்குப் போனது. பட்டையில் ஒரு காளான். தும்... காளான் இரண்டாகப் பிளந்தது. கீழே ஒரு கல்லைப் பார்த்தாள். கல்லில் இரும்பு பட்டுச் சத்தம் வந்தது.

அவள் எங்கே பார்க்கிறாளோ, அங்கே அது எய்கிறது.

“ஓடியிருக்கலாமே மாமா?” என்று தேனுஜன் கேட்கிறான். நானும் அதைத்தான் சிறீதரனிடம் கேட்டேன். அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்ததாம். என்னுடைய கண்ணை எடுத்து யாரோ பாவிக்கிறானே என்று.

அப்போதுதான் இலை சரசரத்தது. பனியை விலக்கிக்கொண்டு ஒரு மான் வந்தது. ரப்பர் இல்லை. மூக்கிலிருந்து ஆவி வருகிறது, காது திரும்புகிறது. கையெட்டும் தூரம் மாதிரி. மாதக்கணக்காகப் பொம்மையை எய்த கை... அவள் பார்க்காமல் இருந்திருக்கவேண்டும். பார்த்தாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், சரியாக அந்த இடத்தை.

தும்...

அந்தச் சத்தம் வேறுதான். ரேட்டோ சொன்னது சரி. ஈரமாக, ஆழமாக ஒரு சத்தம். மான் துள்ளிப் பனிக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் எங்கோ கிளை முறிய அது விழுந்த சத்தம் கேட்டது.

“எனக்குச் சந்தோசமா இருந்தது” என்று தம்பி சிறீதரனிடம் சொன்னாளாம். “அந்த நேரம் உண்மையாச் சந்தோசமா இருந்ததடா. அதுதான் எனக்குப் பயம்.”

அப்போது கீழிருந்து ஒரு குரல்.

“யசோ... எங்கயடி நிக்கிறாய்?”

குகதாசன். இரவு வேலை முடிந்து, வீட்டுக்குப் போகாமல், மலைக்கு ஏறுகிற போஸ்ட் பஸ் பிடித்து வந்திருக்கிறார். சண்டையைத் தீர்க்க. ஒரு போத்தலில் தேத்தண்ணி, பேக்கரியிலிருந்து சூடான பாண். பனிக்குள் மங்கலாக அவருடைய உருவம் மேலே ஏறி வருகிறது.

அவளுக்குப் பின்னால் மரம் முனகியது. வில்லை முழுதாக வளைக்கும்போது வருகிற முனகல். கிர்ர்...

கண்ணை இறுக்கி மூடினாள். மூடினால் போதுமா? கண்ணுக்குள் அவருடைய முகம்தான் நின்றது. நெற்றித் தழும்போடு, மீசையோடு. மனதில் பார்ப்பதும் பார்ப்பதுதானே? முனகல் நிற்கவில்லை. அது இன்னும் கொஞ்சம் வளைந்தது...

அவள் கண்ணைத் திறந்தாள். அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். முனகல் எங்கேயிருந்து வருகிறதோ, அந்த வெள்ளைக்குள் நேரே பார்த்தாள்.

“இஞ்ச பார். நான் உன்னைத்தான் பாக்கிறன். இப்ப எய்யடா.”

ஒன்றும் அசையவில்லை. நெடுவில்லை முழுதாக இழுத்து ஒருவராலும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. கை நடுங்கும், விட்டாகவேண்டும். அது பிடித்துக்கொண்டே நின்றது.

குகதாசன் கிட்ட வந்துவிட்டார். “ஆரோட கதைக்கிறாய்?”

“எனக்குப் பின்னால நில்லுங்கோ. என்ர முகத்துக்கு முன்னால வரவேண்டாம். சொன்னாக் கேளுங்கோ!”

அவர் நின்றார். அவருக்கும் கேட்டது அந்த முனகல். தேத்தண்ணிப் போத்தல் கையிலிருந்து விழுந்தது.

அவள் வில்லைத் தூக்கினாள். அம்பைப் பூட்டினாள். உதட்டோரம் வரை இழுத்தாள். பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவள் பார்த்தாள். தன்னைப் பார்க்கிற ஒன்றை எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி.

“கண் என்ர” என்றாள். “நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை.”

விட்டாள்.

அம்பு போனது. மரத்தில் படவில்லை. கல்லில் படவில்லை. நிலத்தில் விழவில்லை. சத்தமே இல்லை. ஆனால் முனகல் நின்றுவிட்டது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. குகதாசன் பின்னாலிருந்து அவளுடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் வழி பார்த்து இறங்க, அவள் அந்த ஒரே இடத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக அடி வைத்து மலை முழுக்க இறங்கினாள். வேரில் தடக்கினாள், சறுக்கினாள், முழங்கால் சிராய்ந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, இமைக்கவில்லை. ரோட்டில் கார்ச் சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணை மூடினாள். அன்று முழுக்க வீட்டில் அரிசியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கிழமை நடுவில் பனி விலகிய ஒரு நாள், ரேட்டோவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு பேருமாக மேலே போய்த் தேடினார்கள். மான் இல்லை. இரத்தம் இல்லை. சாம்பல் இறகு அம்பு ஒன்றுகூட இல்லை. காளான் மட்டும் பிளந்து கிடந்தது. அவளுடைய அந்தக் கடைசி அம்பையும் காணவில்லை.

ரேட்டோ தன் சப்பாத்தைப் பார்த்தபடியே கேட்டார். “நீ அதைப் பாத்து எய்தனியோ?”

“ஓம்.”

“ஒருத்தரும் எய்ததில்லை. நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கி வந்த ஆக்கள்.”

அடுத்த சனிக்கிழமையும் மூடுபனி. அவள் வில்லை எடுத்தாள். குகதாசன் கதவை மறித்து நின்றார். “திரும்பவும் போறியோ?”

“போறன். ஊரில யுத்தம் வந்து ஒருக்கா எழும்பி ஓடினன். அது போதும்.”

அவர் தன்னுடைய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். இருவருமாகப் போனார்கள். மேல் சுற்றில் பன்றியைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எய்தாள். டப். ஒரே ஒரு அம்பு. நரிக்கும் அப்படியே. அந்த நவம்பர் முழுக்கப் போனாள். அடுத்த நவம்பரும் போனாள். மெல்ல மெல்லக் கழகத்து ஆட்களும் அவளுக்குப் பின்னால் வரத் தொடங்கினார்கள். மதிவதனன்கூட ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான்.

கதை இவ்வளவுதான் என்றுதான் சிறீதரனும் நினைத்திருந்தான். போன வருசம் வரைக்கும்.

போன வருசம் அவளுக்கு வலது கண்ணில் ஓயாமல் தண்ணீர் வடிந்தது. வலி இல்லை. பார்வையும் நல்ல கூர்மை. குகதாசன் கரைச்சல் கொடுத்துக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். டாக்டர் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்கு உள்ளே படம் எடுத்தார். திரையைப் பார்த்தார். பிறகு இன்னொரு படம் எடுத்தார்.

“இந்தக் கண்ணில எப்பவாவது காயம் பட்டதோ? மெல்லிசா, கூரா ஏதும் குத்தினதோ?”

“இல்லை.”

“உள்ளுக்கு ஒரு தழும்பு இருக்கு. ஆறிப் பல வருசம். ஆனா கண்ணுக்கு முன்பக்கத்தில ஒரு கீறல்கூட இல்லை...” அவர் திரையை அவள் பக்கம் திருப்பினாராம். “இது எந்த வழியால உள்ளுக்குப் போனதெண்டு எனக்கு விளங்கேல்லை.”

குகதாசனுக்கு முகம் வெளிறிவிட்டது.

யசோதரா அந்தப் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு, முதல் அம்பு விட்ட நாளில் சிரித்தாளே, அதே மாதிரிச் சிரித்தாள்.

“அது என்ர கண்ணுக்குள்ளதான் நிண்டிருக்கு. அப்ப என்ர அம்பு பட்டிட்டுது” என்றாள்.