ஏழாம் கட்டத்தில் நம் விலாசம்

மனைவி: "...ஆகவே ஐயா அவர்கள் பெரிய மனது வைத்து." அடிச்சாச்சு. அப்புறம்?

மனுக்காரர்: அதை எடுத்துடு.

மனைவி: எதை? பெரிய மனசையா?

மனுக்காரர்: வரி முழுசையும். கெஞ்சற மாதிரி இருக்கு.

மனைவி: எதிர்வரிசை நாப்பத்திரண்டு வீட்டுக்கும் இதே பெரிய மனசைத்தானே வெச்சோம்? அப்பல்லாம் கெஞ்சலாத் தெரியலையா?

மனுக்காரர்: அது அவங்க கெஞ்சறது. இது நான் இல்ல...

மனைவி: மணி மூணு. அஞ்சு மணிக்கு ஆட்சேபம் வாங்கற ஜன்னலைச் சாத்திடுவாங்க. ரோட்டுக்கு இந்த வீட்டை எடுக்கறோம்னு நோட்டீஸ் வந்து இன்னியோட முப்பது நாள். நாளைக்குப் போய் நின்னா, வீடு போனது போனதுதான்.

மனுக்காரர்: எனக்கே நாள் கணக்கு சொல்றியா? ஊருக்கே சொல்றவன் நான்.

மனைவி: அதான் முப்பதாவது நாள் உக்காந்து முதல் வரியை எழுதி, அதையும் எடுக்கச் சொல்றீங்க.

மனுக்காரர்: வருதும்மா... வந்துக்கிட்டே இருக்கு.

மனைவி: ஊருக்கு எழுதும்போது குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும். நான் "இருங்க, இருங்க, விரல் வலிக்குது"ன்னு கத்துவேன். சொந்த வீட்டுக்குன்னா சொட்டுச் சொட்டா...

சர்வேயர்: உள்ள வரலாமா?

மனுக்காரர்: மனுன்னா அந்த ஸ்டூல்ல உக்காருங்க, இன்னிக்குக் கொஞ்சம் நேரமாகும்... ஓ. கையில பெயின்ட் டப்பா. நில எடுப்பு ஆபீஸா?

சர்வேயர்: ஆமாங்க ஐயா. சர்வேயர். இடிக்கற எல்லைக்குக் கோடு போட வந்தேன். ஆனா அஞ்சு மணிக்கு அப்புறம்தான் போடணும். அதுவரைக்கும் இங்க நிழல்ல...

மனைவி: உக்காருங்க தம்பி. கோடு எங்க வரும்?

சர்வேயர்: உங்க நாற்காலிக்குப் பின்னால சுவர் இருக்குல்ல?

மனைவி: சுவர்லயா?

சர்வேயர்: சுவரைத் தாண்டி. சமையல்கட்டைத் தாண்டி. தண்ணித் தொட்டி நடுவுல.

மனுக்காரர்: கடை போச்சு, மாடி போச்சு, சமையல்கட்டு போச்சு. மிச்சம் பாதித் தொட்டி. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றதாம்?

மனைவி: பாதி குளிக்கலாம்.

சர்வேயர்: ஐயா... நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. முதல்ல எதிர்வரிசையைத்தானே எடுக்கறதா இருந்தது? அப்ப அவங்களுக்கெல்லாம் மனு எழுதினது நீங்கதானே?

மனுக்காரர்: நான் சொன்னேன். இவ டைப் அடிச்சா.

சர்வேயர்: கையைக் குடுங்க. எங்க ஆபீஸ்ல அதைப் பெரிய அதிகாரி மீட்டிங்ல சத்தமா வாசிச்சாரு. அந்தத் தையல்காரம்மா மனு. ரெண்டாம் பக்கம் வரும்போது ஹெட்கிளார்க் எழுந்து வெளியே போயிட்டாரு. வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து எதுக்கும் எழுந்திருக்காத மனுஷன் அவரு! ஒருநாள் பீரோ தீப்பிடிச்சப்பகூட உக்காந்த இடத்துலேர்ந்து தண்ணி ஊத்த ஆள் அனுப்பினாரு.

மனைவி: எந்த வரிக்கு எழுந்தாரு?

சர்வேயர்: "என் தையல் இயந்திரத்தின் மிதிகட்டை, என் காலைவிட அந்தத் தரையை நன்கு அறியும்."

மனைவி: அந்தம்மா மெஷின்ல மோட்டார் இருக்கு தம்பி. மிதியே கிடையாது.

மனுக்காரர்: மோட்டாரை வெச்சு மனுவில யாரை அழவைக்க முடியும்?

சர்வேயர்: அப்புறம் பல் டாக்டரோடது. "இவ்வூரின் சிரிப்பு இக்கட்டடத்தில்தான் சீர் செய்யப்படுகிறது."

மனைவி: அவர் பிடுங்கினதுல பாதி நல்ல பல்லு.

சர்வேயர்: டைப்பிஸ்ட் பொண்ணு அதை எழுதி மேஜைக் கண்ணாடிக்குக் கீழே சொருகி வெச்சிருக்கு. சைக்கிள் கடைக்காரர் மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து ஜில்லா ஆபீஸ்காரங்க வாங்கிட்டுப் போனாங்க. எதுக்குன்னு கேட்டா, சும்மா படிக்கவாம்! ஒரே வாரம். எதிர்வரிசையை விட்டாச்சு. ரோடு இந்தப் பக்கம் வளைஞ்சிடுச்சு.

மனுக்காரர்: வளைஞ்சிடுச்சுன்னா... ரோடு என்ன பாம்பா, தானா வளைய?

சர்வேயர்: அதைத்தாங்க கேக்க வந்தேன். தானா வளையல. ஏழாம் கட்டம்.

மனைவி: ஏழாம் கட்டத்துக்கு என்ன?

சர்வேயர்: பாரத்துல கேள்வி இருக்கும்ல? "இவ்விடத்தை எடுக்க வேண்டாமெனில், மாற்றாக எதை எடுக்கலாம்?" அதைக் காலியா விட்டா மனுவைப் படிக்காமலே தள்ளிடுவாங்க.

மனைவி: அது எங்களுக்கும் தெரியும். எழுதித்தானே கொடுத்தோம்?

சர்வேயர்: எழுதியிருந்தீங்க. நாப்பத்திரண்டு பாரத்துலயும் ஒரே விலாசம். இந்தக் கடை, இந்த மாடி. அதிகாரி மேஜையைத் தட்டிச் சொன்னாரு, "என் சர்வீஸ்ல இவ்வளவு ஒத்துமையான ஜனங்களைப் பார்த்ததே இல்ல"ன்னு.

மனைவி: என்னங்க இது?

மனுக்காரர்: என்னன்னா... அது தவறிப்போனது.

மனைவி: நாப்பத்திரண்டு தடவையா?

மனுக்காரர்: ஒரே தடவை. மிச்ச நாப்பத்தொண்ணும் அதோட காப்பி. தம்பி, எங்க தொழில்ல ஒரு வழக்கம். மாதிரி மனு ஒண்ணு தயார் பண்ணும்போது, காலி இடத்துல கடைக்காரன் தன் விலாசத்தையே போட்டு வெச்சுக்குவான். அப்புறம் யார் மனுவோ அவங்க விவரத்தை மாத்திப் போடணும். இவ பேரை மாத்தினா, கதவு எண்ணை மாத்தினா. ஏழாம் கட்டத்தை விட்டுட்டா.

மனைவி: நானா?

மனுக்காரர்: பின்ன? கம்ப்யூட்டர் பக்கம் நான் போறேனா? அந்த எலி மேல கைவெச்சாலே அது எங்கியோ ஓடுது.

மனைவி: சரி. நான்தான் விட்டேன். என் தப்பு. இப்ப அதைத் திருத்த ரெண்டு மணி நேரம்கூட இல்ல. சொல்லுங்க. நம்ம மனுவுக்கு ஏழாம் கட்டம். மாற்றாக எதை எடுக்கலாம்?

மனுக்காரர்: முதல்ல ஆறை முடிப்போம்.

மனைவி: ஆறு "குடும்ப உறுப்பினர் எத்தனை." ரெண்டுன்னு போட்டாச்சு. ஏழு?

மனுக்காரர்: அந்த ஐஸ் ஃபேக்டரி...

சர்வேயர்: அதை ஏற்கனவே எடுத்தாச்சுங்க. அதுக்குப் பக்கத்துல இதுதான். இந்தப் பக்கம் வேற கட்டடமே இல்லையே. இந்தப் பக்கம் வேண்டாம்னா எதிர்ப்பக்கம். நடுவுல விமானமா விடமுடியும்?

மனைவி: எதிர்வரிசைன்னு போடட்டுமா?

மனுக்காரர்: இரு. போடறதா இருந்தா ஒழுங்காப் போடணும். வெறும் "எதிர்வரிசை"ன்னா எவன் மதிப்பான்? எழுது. "ஐயா, துன்பத்தைப் பங்கிட்டால் குறையும் என்பது தாங்கள் அறியாததன்று."

மனைவி: ம்.

மனுக்காரர்: "எதிர்வரிசையில் நாற்பத்திரண்டு குடும்பங்கள். ஒரே நாளில், ஒரே காரணத்திற்காக வெளியேறுவோருக்கு ஒருவர் தோள் மற்றொருவருக்குக் கிட்டும்."

மனைவி: ம்... மெதுவா.

மனுக்காரர்: "முறையிட அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு, வண்டி பிடித்தால் கூலியைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டு. இப்பக்கமோ இருவர். எங்கள் கட்டிலைத் தூக்க ஒரு முனைக்கு நான் நின்றால், மறு முனைக்கு என் மனைவியைத் தவிர எவருமில்லை!"

சர்வேயர்: அடடா...

மனுக்காரர்: எழுது, எழுது! "இத்தெருவில் பிறப்பிற்கும் இறப்பிற்கும், பிடுங்கிய பல்லிற்கும், தொலைந்த சைக்கிளிற்கும் விண்ணப்பம் எழுதிய மேஜை இது. இம்மேஜை அகன்றபின் இவ்வூர் மக்கள் எவரிடம் சென்று, எந்த வார்த்தையால், எதைக் கேட்பர்? ஊமையாகிப் போகும் ஓர் ஊருக்கு இருபுறமும் அகலமான சாலை எதற்கு?"

சர்வேயர்: அம்மா... இது ஜெயிச்சிடும் போல இருக்கே!

மனைவி: அதான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்.

சர்வேயர்: ஹெட்கிளார்க் இந்தத் தடவை எழுந்து போனா திரும்பியே வரமாட்டாரு. நேரா ராஜினாமாதான்!

மனுக்காரர்: இருங்க தம்பி, இன்னும் முடியல. "தையற்கடையைத் தெருக்கோடிக்கு மாற்றலாம்; ஊசி எங்கும் தைக்கும். பல் மருத்துவரை மாற்றலாம். வலி அவரைத் தேடி வரும்..." ஆஹா. "வலி தேடி வரும்." வெச்சுட்டியா?

மனைவி: வெச்சுட்டேன். வாசிச்சுக் காட்டட்டுமா?

மனுக்காரர்: கடைசிப் பத்தியிலேர்ந்து.

மனைவி: "தையற்கடையைத் தெருக்கோடிக்கு மாற்றலாம், ஊசி எங்கும் தைக்கும்."

மனுக்காரர்: போதும், நிறுத்து.

மனைவி: என்ன? புள்ளி கிள்ளி மாத்தணுமா?

மனுக்காரர்: அந்தம்மா காலையில கடை திறக்கும்போது நமக்கும் சேர்த்து வாசல் கூட்டுது.

மனைவி: ஆமா. மனுவுக்குக் கூலி வாங்காததுக்கு. அதைச் சேர்க்கணுமா?

மனுக்காரர்: சேர்க்க வேண்டாம்... தம்பி, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா? வெளியே பானை இருக்கு.

சர்வேயர்: இங்கயே நல்லா இருக்குங்க. சொல்லுங்க.

மனுக்காரர்: என்னத்தைச் சொல்ல... இந்தாம்மா. நீ ஒண்ணும் மறக்கல.

மனைவி: எதை?

மனுக்காரர்: ஏழாம் கட்டத்தை. மூணாவது மனுவிலேயே நான் பார்த்துட்டேன்.

மனைவி: பார்த்துட்டு?

மனுக்காரர்: பேனாவைத் திறந்தேன், திருத்தலாம்னு. எதைன்னு திருத்தறது? தையல்காரம்மா மனுவில சைக்கிள் கடையை எழுதணும். சைக்கிள் கடைக்கு டாக்டரை. டாக்டருக்கு வாட்ச் ரிப்பேர்காரரை. நாப்பத்திரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கைகாட்டி நிப்பாங்க, ஆபீஸ்காரன் சிரிச்சுக்கிட்டே மொத்தத்தையும் இடிப்பான்.

மனைவி: அதனால திருத்தல.

மனுக்காரர்: அதனாலயும்தான்... அப்புறம் வாசிச்சுப் பார்த்தேன். நல்லா இருந்தது.

மனைவி: என்ன நல்லா இருந்தது?

மனுக்காரர்: விலாசத்துக்குக் கீழே மாதிரிக்காக நானே சேர்த்திருந்த காரணம். "இருவர் மட்டுமே வசிப்பதால், இருவருக்கு மட்டுமே நட்டம்." அப்பேர்ப்பட்ட வரியை எவனுக்கும்மா அழிக்க மனசு வரும்?

சர்வேயர்: அந்த வரியை எங்க அதிகாரி ரெண்டு தரம் வாசிச்சாருங்க.

மனுக்காரர்: பாத்தியா! ரெண்டு தரம்!... ஆனா ஒண்ணு. உன்னைக் கேட்டிருக்கணும். பத்திரம் உன் பேர்ல. உங்கப்பா உனக்குன்னு வாங்கினது. நான் என்னவோ ஊரான் வீட்டை எழுதற மாதிரி எழுதிட்டேன். அதை யோசிச்சுத்தான் முப்பது நாளா கை ஓடல.

மனைவி: இப்ப ஓடுச்சே. ஒரு பக்கம் முழுக்க.

மனுக்காரர்: உனக்காக. நீ வேணும்னா இதை இப்படியே அச்சு எடு. நான் ஓடிப்போய் ஜன்னல்ல குடுத்துடறேன். வேண்டாம்னா... இல்ல, நீதான் சொல்லணும். எதிர்வரிசை வீடுங்க போகட்டுமா, நம்ம வீடு போகட்டுமா?

மனைவி: இதைக் குடுத்தா என்ன ஆகும் தம்பி?

சர்வேயர்: ரோடு மறுபடி அந்தப் பக்கம் போயிடும்மா. சந்தேகமே இல்ல. கல்லும் கரையும்.

மனைவி: நாளைக்குக் காலையில எதிர்வரிசை மொத்தமும் இந்த ஸ்டூலுக்கு முன்னால வரிசையில நிக்கும். "ஐயா, எதிர்ல ஒருத்தர் எங்களுக்கு எதிரா மனு குடுத்திருக்காரு, அவரை எதிர்த்து எழுதிக் குடுங்க"ன்னு.

மனுக்காரர்: அதுக்கு நான்...

மனைவி: எழுதுவீங்க. மாட்டேன்னு ரெண்டு நிமிஷம் சொல்வீங்க. அப்புறம் நல்ல வரி ஒண்ணு தோணும். உடனே, "இந்தாம்மா, உக்காரு, எழுது"ம்பீங்க.

மனுக்காரர்: ...தோணத்தான் செய்யும். எதிர்வாதம் ஏற்கனவே பாதி தோணிடுச்சு.

மனைவி: அதுலயும் ஜெயிப்பீங்க. ரோடு திரும்ப இங்க வரும். மறுபடி நமக்கு ஒரு மனு. அதுவும் ஜெயிக்கும். ரோடு ஊஞ்சலாடிக்கிட்டே இருக்கும், என் விரல் தேஞ்சு மணிக்கட்டு வரைக்கும் வந்துடும்.

சர்வேயர்: எனக்கு ரிடையர் ஆகறவரைக்கும் இந்த ஒரு தெருவே போதும்!

மனுக்காரர்: சிரிக்காதீங்க தம்பி. ஒரு வீடு இது. மேல பதினேழு படி, நாலு ஜன்னல். இவ கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இருக்கற வீடு. நீ சொல்லும்மா, அச்சு எடுக்கறியா இல்லையா? மணி நாலரை ஆகப்போவுது.

மனைவி: தம்பி, டப்பாவைத் திறங்க. வெளிச்சம் இருக்கும்போதே கோட்டைப் போட்டுட்டுப் போங்க.

மனுக்காரர்: அதெப்படி? இன்னும் அஞ்சு ஆகலையே! கெடு முடியறதுக்கு முன்னால சுவரைத் தொட்டா அது பெரிய சட்ட மீறல். நானே மனு போடுவேன்! தம்பி, எந்திரிக்காதீங்க... என்ன தம்பி, நீங்க பாட்டுக்கு டப்பாவைத் திறக்கறீங்க?

சர்வேயர்: அம்மா சொன்னா தொடலாங்க ஐயா. சொத்துக்காரங்க அவங்கதானே.

மனுக்காரர்: சொத்துக்காரங்க சம்மதம் எழுத்துல குடுத்திருந்தாத்தான் அஞ்சுக்கு முன்னால தொடலாம். விதி அது. குடுத்திருந்தா மட்டும்!

மனைவி: முதல் மனுவிலேயே பார்த்துட்டேங்க, ஏழாம் கட்டத்தை. தெரிஞ்சேதான் மாத்தாம விட்டேன்... நீங்க எழுத உக்காந்தா ஜெயிச்சிடுவீங்களேன்னு பயந்துதான், போன திங்கக்கிழமையே ஆபீஸுக்குப் போய்ச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்துட்டேன். தம்பியை மட்டும், "அவர் ஒரு மனுவைப் பாதியில நிறுத்தினா சோறு தண்ணி இறங்காது, முழுசாச் சொல்லி முடிக்கட்டும், அதுவரைக்கும் உக்காந்து கேளுங்க"ன்னு கேட்டுக்கிட்டேன்.